கிணற்றடியில் மூன்று நிறம்

தக்கலைக்குப் பக்கத்தில் அந்தப் பழைய வீட்டை நாங்கள் வாங்கியது 2011இல். கிணற்றடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி நின்றது. ஆறு மாதம் வெறும் இலைதான். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் ஊதா ஊதாவாகப் பூத்துத் தள்ளியிருக்கிறது. வாசமென்றால் வாசம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்ஃபில் இருந்த கணவரோ அதே இடத்தில் கார் ஷெட் போடக் கொத்தனாரிடம் பேசி முடித்திருந்தார். திங்கட்கிழமை வேலை தொடக்கம். செடியை வெட்ட விடமாட்டேன் என்று ஃபோனில் சண்டை போட்டேன்.

"பேரு கூடத் தெரியாத செடிக்காவா ஷெட்டை மாத்துவாவ?" என்றார்.

சரி, பேரைக் கண்டுபிடித்தே தீருவது என்று எனக்கும் வீம்பு வந்துவிட்டது. ஒரு கொப்பை ஒடித்துத் தண்ணீர் தெளித்து டிபன் பாக்ஸில் வைத்தேன். ஆபீஸ் வேலையில் இரண்டு நாள் அது மறந்தே போனது. வெள்ளிக்கிழமை நர்சரிக்குப் போய், இந்த ஊதாப் பூவுக்கு என்ன பேர் என்று பாக்ஸைத் திறந்து நீட்டினேன். உள்ளே இருந்தது வெள்ளைப் பூ. நர்சரிக்காரர் பூவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கண் டாக்டரிடம் போகச் சொல்லாததுதான் பாக்கி. வீட்டுக்கு வந்தால் செடியிலும் அதே கூத்து. ஊதா, வெளிர் ஊதா, வெள்ளை, எல்லாம் ஒரே கொப்பில்.

வீட்டை எங்களுக்கு விற்ற டீச்சருக்கு ஃபோன் போட்டேன். தன் கணவர் இறந்த பிறகு அவர் நாகர்கோவிலில் மகளோடு இருந்தார். செடியின் பேரைக் கேட்டதும், "அது பூத்துச்சா மக்களே?" என்றார்.

அவர் கணவர் எங்கிருந்தோ வாங்கிவந்த செடியாம். இதுக்கு 'நேற்று இன்று நாளை' என்று பேர், மூன்று நாளில் மூன்று நிறம் மாறும் என்றாராம். இதெல்லாம் ஒரு பேரா, விற்றவன் உம்மை நல்லா ஏமாற்றிவிட்டான் என்று டீச்சர் சிரித்திருக்கிறார். எட்டு வருஷமாகியும் ஒரு பூ இல்லை. மனுஷர் சாகும்வரை அந்தக் கேலியும் ஓயவில்லை.

"இப்ப என்ன நெறம்?" என்று கேட்டார்.

"மூணும் நிக்குது டீச்சர்."

"அப்ப அவரு சொன்னது உள்ளதுதான்," என்றார். அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு, ஷெட்டைத் தெற்குப் பக்கம் போடச் சொல்லிவிட்டேன். கணவர் கத்தினால் கத்தட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு டீச்சர் வந்தார். செடியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மீன் கழுவின தண்ணியை ஒருநாள் விடாமல் இதுக்குத்தான் ஊற்றினேன், நீ என்ன போட்டுப் பூக்க வைத்தாய் என்று கேட்டார்.

நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. மீன் தண்ணீர் அளவுக்கு மிஞ்சினால் இலைதான் தழைக்கும், பூ பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

"எல்லாம் நீங்க ஊத்துன மீன்தண்ணி வளம்தான் டீச்சர்," என்றேன். "பூக்கக் கொஞ்சம் சுணங்கிப் போச்சு, அவ்வளவுதான்."