மொட்டைத் தலை கேட்ட கேள்வி

போன வாரம் நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் போனேன். முன் இருக்கையில் ஒரு சிறுமி, தாயின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல், நேர் வகிடு. புதன்சந்தை தாண்டியதும் அந்த வகிட்டில் ஒரு பேன் ஏறியது. காலை உலாவுக்குக் கிளம்பியதைப் போல நிதானமாக நடந்து நெற்றிவரை போனது, யோசித்தது, திரும்பியது. எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. மடியில் கிடந்த என் இரண்டு கட்டைவிரல் நகங்களும் தாமாக ஒன்றையொன்று தேடின. முன்பின் தெரியாத குழந்தையின் தலையில் கை வைக்கலாமா? மல்லூர்வரை என்னை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சிறுமியின் கூந்தலிலிருந்து வேப்பெண்ணெய் வாசனை வந்துகொண்டே இருந்தது. வாசனை என்பது மரியாதைக்குச் சொல்வது. இப்போதும் இதற்கு அதுதானா மருந்து என்று நினைத்தபோதே, எருமப்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் கண்முன் வந்துவிட்டது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு அந்தப் பெண்கள் பள்ளிக்குப் போனேன். வயது பத்தொன்பது. ஒரே ஆசிரியை, இருபத்துச் சொச்சம் பெண் குழந்தைகள், ஒரு கரும்பலகை, வாசலில் ஒரு புளியமரம். துணைக்கு அம்மா வந்திருந்தாள். அம்மாவுக்குக் கண் பார்வை மங்கல். ஆனாலும் தினமும் காலையில் என் தலையைச் சீவிப் பின்னிவிடுவது அவள்தான். என் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, என் மாணவிகள் ஒரு கையால் எழுதுகிறார்கள், மறு கையால் சொறிகிறார்கள் என்று. கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். திடீரென்று ஒரு குழந்தை சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்குக் கொண்டுபோய்விடும். அப்புறம் எங்கே கணக்கு?

நான் சும்மா இருப்பேனா? பயிற்சிப் பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவள். சனிக்கிழமைகளில் தாய்மார்களைப் புளியமரத்தடிக்கு வரச் சொன்னேன். சீமெண்ணெய் தடவினால் போய்விடும் என்றார்கள். அது விளக்குக்கே கிடைக்காத காலம். சீதாப்பழ விதையை அரைத்து எண்ணெயில் குழைத்துப் பூசினோம். கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் குழந்தைகள் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வேப்பெண்ணெய், வசம்பு, துளசி எல்லாம் பார்த்தோம். பிறகு அரப்பு இலைத்தூள் போட்டு அலசிவிட்டு, ஈர் எடுக்கும் மரச்சீப்பால் வறட்டு வறட்டென்று இழுப்பார்கள். திங்கட்கிழமை எல்லாத் தலையும் பளபளவென்று இருக்கும். எண்ணிப் பதினைந்து நாள். மறுபடியும் ஒரு கையால் எழுத்து, மறு கையால் சொறிதல்.

எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வகுப்பில் கேட்டேன். ஆளுக்கொரு பதில். "வேர்வையில தானா மொளைக்குதுங்க டீச்சர்." "ராத்திரி பறந்து வருமுங்க." "பொய் சொன்னா வருமுங்க." கடைசியாகச் சொன்ன குழந்தை ஏனோ என்னையே உற்றுப் பார்த்தாள்.

ஊரிலோ வேறு பதில் தயாராக இருந்தது. பாவாயி. ஊர்க்கோடிக்கும் அப்பாலிருந்து வந்த ஒரே பிள்ளை அவள்தான். ஏழு வயது, மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத அடர்த்தியான சுருட்டைமுடி. தாய் குப்பாயி கடலைக்காட்டில் கூலி வேலை செய்தாள். "அந்தப் புள்ள தலையிலிருந்துதான் எல்லாத்துக்கும் ஏறுது" என்று தாய்மார்கள் சொன்னார்கள். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நானும் நம்பினேன். சுகாதாரம் என்று எனக்கு நானே பெயர் சொல்லிக்கொண்டு, அவளுடைய பாயை வாசற்படி ஓரமாகத் தனியே போடச் சொன்னேன். அவள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிற பெண் அவள்.

அந்த வாசற்படியிலிருந்துதான் ஒருநாள் கேட்டாள். "ஏனுங்க டீச்சர், பேனுக்கு ரெக்க இருக்குதுங்களா?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம். "பார்த்துச் சொல்லு" என்றேன். மறுநாள் தீப்பெட்டி ஒன்றில் தன் தலையிலிருந்தே ஒரு பேனைக் கொண்டுவந்தாள். சிலேட்டில் விட்டோம். வகுப்பே சுற்றி நின்றது. அது பறக்கவில்லை. தாவவும் இல்லை. வழுக்குத் தரையில் நடக்கும் கிழவர் மாதிரி ஆறு கால்களையும் பரப்பித் தடுமாறியது. பாவாயி தன் முடி ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான், அதைப் பற்றிக்கொண்டு ஓடியது பாருங்கள், ஓட்டம்!

"முடி இருந்தாத்தானுங்க அதால ஓட முடியுது" என்றாள் பாவாயி. தீப்பெட்டிக்குள் போட்டு வைத்ததை இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது செத்துக் கிடந்தது. முடி முடியைத் தொட்டால்தான் இது தலை விட்டுத் தலை போகும் என்று அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் வாசற்படி ஓரத்தில் தனியே உட்கார்ந்திருப்பவளிடமிருந்து மற்றவர்களுக்கு எப்படிப் போகும்? இதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அதற்குள் மணியக்காரர் வீட்டம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். அவர் மகள் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தாள். "அந்தப் புள்ளைய நிறுத்துங்க டீச்சர். இல்லாட்டி மொட்டையடிச்சு அனுப்பச் சொல்லுங்க. ரெண்டுமில்லீன்னா எங்க தெருப் புள்ளைக ஒண்ணுகூட இங்க வராது" என்றார்.

அவர் தெருப் பிள்ளைகள் நின்றுவிட்டால் பள்ளியே மூடிவிடும். அன்று சாயங்காலம் கடலைக்காட்டுக்கு நடந்துபோனேன். குப்பாயி குனிந்து கொடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைத்துச் சொல்வதை அவள் மண்ணை உதறியபடியே கேட்டாள். "நீங்க சொன்னாச் சரிதானுங்க டீச்சரம்மா" என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

பாவாயி மறுநாள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இடைவேளையில் யாரோ துண்டை இழுத்துவிட்டார்கள். "மொட்டச்சி, மொட்டச்சி" என்று சிரிப்பு. நான் அதட்டினேன். அதட்டல் என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. அந்தச் சனிக்கிழமை மற்ற எல்லாத் தலைகளையும் ஒன்றுவிடாமல் சுத்தம் செய்தோம். இனி வராது என்று மணியக்காரர் வீட்டம்மாவுக்கு வாக்கும் கொடுத்தேன்.

மூன்றே வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை, பெருக்கல் வாய்ப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. மணியக்காரர் மகளின் இரண்டு கைகளும் மெதுவாகத் தலைக்கு ஏறின. அவளைப் பார்த்து அடுத்தவள். பிறகு அதற்கடுத்தவள். வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. அதில் கோபம் இல்லை, பழி இல்லை. பேனுக்குச் சிறகு உண்டா என்று கேட்டாளே, அதே குரல்.

"எனக்கு முடியே இல்லீங்களே டீச்சர். இப்ப ஆருகிட்ட இருந்துங்க வருது?"

நான் அப்போது ஒரு குழந்தையின் பின்னால் குனிந்து, அவள் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுதவைத்துக்கொண்டிருந்தேன். என் பின்னல் வழக்கம்போல் முன்பக்கம் நழுவி அவள் தலைமேல் கிடந்தது. தினமும் இப்படித்தான். ஒவ்வொரு குழந்தையின் பின்னாலும் குனிவேன். ஒவ்வொரு தலைமேலும் அது புரளும். வாசற்படிவரை போய்க் குனிவதை மட்டும் விட்டு இரண்டு மாதமாகியிருந்தது.

எனக்கும்தான் அரித்தது, ஐயா. அரிக்காமல் இருக்குமா? வெயில் என்று நினைத்தேன், பொடுகு என்று நினைத்தேன். அம்மா தினமும் சீவிவிட்டு, "ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு" என்பாள். அவள் கண்ணுக்கு எல்லாமே சுத்தம்தான். அதற்கும் மேலே, நான் சேலத்துக்காரி. டவுன் தலையில் பேன் வராது என்று எந்தச் சாத்திரத்தில் படித்தேனோ!

பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தப் பெண் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நான் போய் வாசற்படியில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தேன். "பார்த்துச் சொல்லு, பாவாயி."

அவள் தொடத் தயங்கினாள். மறுபடியும் சொன்னேன். சின்ன விரல்கள் வகிடு பிரித்தன. காதுக்குப் பின்னால் போயின, பிடரிக்கு வந்தன. நெடுநேரம். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி என் காதோரம் குனிந்து, "இருக்குதுங்க டீச்சர்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, ஆறுதல் சொல்வதுபோல, "நெறையா இல்லீங்க" என்றாள்.

அவள் ரகசியமாகச் சொன்னதை நான் வகுப்புக்கு உரக்கச் சொன்னேன். பாயை அவளே சுருட்டப் போனாள்; நான் வாங்கி நடு வரிசையில் விரித்தேன்.

மணியக்காரர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மகளை நிறுத்தப்போகிறார் என்றே நினைத்தேன். "உள்ள வாங்க டீச்சர், கதவச் சாத்துங்க" என்றார். சாத்தினேன். கொண்டையை அவிழ்த்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். "எனக்கும் ரெண்டு மாசமா அரிக்குது. ஆருகிட்டச் சொல்றது? பாருங்க." பார்த்தேன். அந்தத் தலையைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்று கொடுத்த வாக்கை இன்றுதான் மீறுகிறேன்.

அதன்பிறகுதான் காரியம் நடந்தது. ஒரே நாளில் குழந்தைகள், தாய்மார்கள், தம்பி தங்கைகள், நான், அம்மா எல்லோருக்கும் தலை பார்த்தோம். ஒன்பதாம் நாள் மறுபடியும் ஒருமுறை, ஒட்டியிருந்த ஈர்கள் பொரித்து வருவதற்காகக் காத்திருந்து. நான் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டேன். அந்த வருடம் பொங்கல்வரை வகுப்பில் யார் கையும் தலைக்குப் போகவில்லை.

குப்பாயியிடம் மட்டும் எப்படிப் போவது என்று தெரியாமல் நான்கு நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் கடலைக்காட்டுக்கே போனேன். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவள் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"முடி மொளச்சுருமுங்க சாமி" என்றாள். "புள்ள ரெண்டு மாசமா ஊட்டுல வாயே தொறக்கல. அதுதானுங்க."

பாவாயி ஐந்தாவது வரை என்னிடம் படித்தாள். சுருட்டைமுடி தோள்வரை வளர்ந்துவிட்டது. அதற்கு மேல் படிக்க அந்தப் பக்கத்தில் பெண்களுக்குப் பள்ளி இல்லை. எனக்குக் கெங்கவல்லிப் பக்கம் மாற்றல் வந்தது. கெங்கவல்லி நாட்களில் அவளிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. எழுத்து ஒவ்வொன்றும் முத்துமுத்தாக இருந்தது. "எறும்புக்குக் காது உண்டுங்களா டீச்சர்?" என்று கேட்டிருந்தாள். தெரியாது என்று பதில் எழுதினேன். அதன்பின் அவளைப் பற்றித் தகவல் இல்லை.

சில வருடங்களுக்கு முன் அந்த ஊர் வழியாகப் போக நேர்ந்தது. பள்ளி இருந்த இடத்தில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை. புளியமரம் இருந்த இடத்தில் பாதி முடிந்த லாரி ஒன்று நின்றது. சனிக்கிழமை மத்தியானம்தான். எந்த வாசலிலும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கவில்லை. வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவரிடம் இங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்ததே என்றேன்.

"பள்ளிக்கூடமுங்களா? இங்கீங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். குப்பாயியின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அவர் யோசித்துப் பார்த்தார். "எந்தக் குப்பாயிங்க?" என்றார்.

அடையாளம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் வீடு எது என்று அத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.