கரிசனைக்குரிய விடயங்கள்

2009இல் போர் முடிந்த பிறகு சில வருடங்கள், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தமிழ் வார இதழில் வேலை பார்த்தேன். இலவச இதழ். மளிகைக் கடை வாசல்களில் கட்டாகக் கிடக்கும். மரக்கறி வாங்க வருபவர்கள் ஒன்றை உருவிப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். இந்தியாவும் இலங்கையும் பேசிக்கொள்வதைத் தமிழில் தருவது என் பொறுப்பு.

அதைப் போலச் சுலபமான வேலை கிடையாது. இலங்கை அமைச்சர் தில்லிக்குப் போவார், அல்லது தில்லியிலிருந்து ஓர் அதிகாரி கொழும்புக்கு வருவார். கைகுலுக்கும் படமும் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையும் வரும். முகாம்களில் இருக்கும் மக்களை விரைவில் குடியேற்றுவோம் என்று சின்ன நாடு உறுதியளிக்கும். பெரிய நாடு அந்த உறுதியை வரவேற்கும். சில மாதங்கள் கழித்துச் சின்ன நாடு அதே உறுதியை மறுபடி அளிக்கும். பெரிய நாடு முதல் தடவை கேட்பதுபோல மறுபடி வரவேற்கும். நான் பழைய கோப்பைத் திறந்து பெயரையும் திகதியையும் மாற்றுவேன். மீதி அப்படியே பொருந்தும். தில்லியில் நிற்கும்போது இந்தியா இரத்த உறவு. விமானம் பீஜிங்கில் இறங்கியதும் சீனா உற்ற நண்பன். இது இந்தியாவுக்குத் தெரியாததல்ல. நம்புவதாகக் காட்டிக்கொள்வது அதற்குச் செலவில்லாத காரியமாக இருந்தது.

அந்த அறிக்கைகளில் தவறாமல் ஒரு வாக்கியம் இருக்கும். இரு தரப்பினரதும் கரிசனைக்குரிய விடயங்கள் ஆராயப்பட்டன. ஆங்கிலத்தில் அது ‘கொன்சேர்ன்’ என்ற தேய்ந்துபோன சொல். இருவருக்கும் சம்பந்தமானது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இலங்கைப் பத்திரிகைத் தமிழ் அதைக் ‘கரிசனை’ ஆக்கிவிட்டது. கரிசனை என்றால் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பவரின் மனம்.

ஒரு வாரம் முதற்பக்கத்தில் இடம் போதவில்லை. நான் வைத்த தலைப்பு: ‘தமிழர் விடயத்தில் இந்தியா கரிசனை.’ அறிக்கையில் கரிசனைக்குரியவையாக இருந்தவை மீன்பிடி வள்ளங்களும் கடல் எல்லையும். தமிழர்கள் வேறொரு பந்தியில் இருந்தார்கள். இரண்டையும் ஒட்டியது நான்.

சில மாதங்களின் பின் ஒரு திங்கட்கிழமை, வன்னியிலிருந்து வந்த ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். புறநகரான கார்ஜ் லே கொனெஸில் இருப்பவர். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். அன்று அவருக்கு விடுமுறை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. எங்கள் ஆட்கள் இன்னும் ‘கொமிசன்’ என்றே சொல்லும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று வாரத்தில் விசாரணை. அங்கும் தோற்றால் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம் வரும். கண்ணாடித் தாளுக்குள் மடித்து வைத்திருந்த எங்கள் முதற்பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். தலைப்பின் கீழ் சிவப்புக் கோடு.

“அண்ணை, இதைப் பிரெஞ்சிலை மாத்தித் தரவேணும். கொமிசனுக்குக் குடுக்க.”

“இது ஏன் தம்பி?”

“அங்கை இப்ப பிரச்சினை இல்லையெண்டுதானே கேஸைத் தள்ளினவங்கள். பிரச்சினை இல்லாட்டி இந்தியா ஏன் கரிசனைப்படுது? பக்கத்து வீட்டிலை அழுகைச் சத்தம் கேட்டால்தானே எட்டிப் பாப்பினம்.”

நான் செய்தியை வாசித்தேன். மூன்றாவது பந்தியில், மீள்குடியேற்றம் சுமுகமாக நடக்கிறது, இந்தியா அதை வரவேற்கிறது என்று இருந்தது. நீதிபதி தலைப்பைத் தாண்டி வாசித்தால், இந்த மனிதரைத் திருப்பி அனுப்ப வேண்டிய காரணம் அங்கே தயாராக இருந்தது.

“தம்பி, தலைப்புப் பிழை. அவை கதைச்சது மீன் வள்ளத்தைப் பற்றி.”

“அப்ப கரிசனை?”

“அது நான் போட்டது.”

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த மேசையில் இருந்த முதலாளி தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “மீன் வள்ளம் எண்டு தலைப்புப் போட்டால் ஆர் எடுப்பான் தம்பி? கருவேப்பிலை சுத்தக்கூட எடுக்கமாட்டான்.”

“இப்பவும் அதுக்குத்தானே அண்ணை எடுக்கினம்,” என்றார் வந்தவர்.

முதலாளி கணினிக்குத் திரும்பிவிட்டார்.

வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். கோப்பின் அடியிலிருந்து கொப்பித் தாளில் எழுதிய ஒரு கடிதத்தை எடுத்தார். முகாமிலிருந்து அவருடைய மனைவி எழுதியது. இதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“வீட்டுக் கடிதம்தானே. அரசாங்கங்கள் சொல்லுறதெல்லோ பெரிசு.”

மனைவியின் தம்பியைத் தண்ணீர் வரிசையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் ஒருவன் சீருடைக்குச் செருப்புப் போட்டிருந்தான், அக்காவின் கணவன், அதாவது இவர், எங்கே என்று இரண்டு தடவை கேட்டார்கள். எல்லாம் இருந்தது. அந்த வருடங்களில் என் மேசைக்கு வந்த எந்த அறிக்கையும் இந்த அளவுக்குச் செய்தியாக இருக்கவில்லை. இரண்டு பிற்பகல்கள் இருந்து அதைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுத்தேன். அவருடைய வழக்கறிஞர் அதைத் தாக்கல் செய்தார். தலைப்புக்கு நான் எழுதிய திருத்தம் பிரசுரமாகவில்லை. இடமில்லை என்றார் முதலாளி. அந்த வாரமும் ஒரு கைகுலுக்கல் படம் இருந்தது.

விசாரணை முடிந்து சில வாரங்களில் அவர் ஒரு கடித உறையோடு வந்தார்.

“முடிவு தெரியும் அண்ணை. என்ரை லோயர் அவொக்கா போன் எடுத்துச் சொன்னவ. இஞ்சை இருக்கக் காட் கிடைக்குமாம். எண்டாலும் முழுக்க வாசியுங்கோ. ஒண்டும் சேர்க்காமல்.”

மூன்று பக்கத் தீர்ப்பு. சட்ட இலக்கங்களையும் விடாமல் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கடிதம் பற்றிய வரி வந்ததும் நிறுத்தினார். மனைவியின் விபரங்கள் துல்லியமானவை, நம்பத்தக்கவை என்று இருந்தது.

“அதை இன்னொருக்கா.”

இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு கடைசி வரி வரைக்கும்.

“இந்தியாவைப் பற்றி ஒண்டும் இல்லையோ?”

“ஒரு சொல்லும் இல்லை.”

“நல்லது,” என்று தாள்களை வாங்கி உறைக்குள் வைத்தார்.