ஆற்றுவாயில் கிடந்த நங்கூரம்

அழகரத்தினம் என் தங்கை சீதேவியின் புருஷன், எனக்கு மச்சான். பெக்கோ ஓட்டுகிறவர். மண் தோண்டுகிற அந்த மஞ்சள் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ராசாதான். இறங்கினால் என் தங்கையின் வாய்க்குப் பயந்த மனுசன். கலியாணம் கட்டி மண்டூரில் எங்கள் வளவுக்கு வந்த நாளிலிருந்து அவரைக் கேலி செய்வதுதான் என் பொழுதுபோக்கு. பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம். ஆனால் ஆற்றுவாய் வெட்ட வேண்டுமென்றால் மாவட்டத்தில் முதலில் தேடுவது அவரைத்தான்.

எங்கள் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. வெயில் காலம் முழுக்கக் கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றுவாயை அடைத்துவிடும். மாரியில் வாவி முட்டினால் தண்ணீர் போக வழியின்றி, மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களுக்குள் ஏறும். அப்போது திட்டை வெட்டி வாவியைக் கடலுக்குத் திறந்துவிட வேண்டும். கடல் பக்கமிருந்து தோண்டிக்கொண்டு வந்து, வாவிப் பக்கம் ஒரு சின்ன வரம்பை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்த வரம்பை உடைத்த பிறகு மனுசனுக்கு அங்கே வேலையில்லை. தண்ணீர் தன் பாதையைத் தானே அகலமாக்கிக்கொள்ளும். அதை நிறுத்த எவராலும் முடியாது.

இந்த மாரி பொல்லாதது. சீதேவியின் சீதன வயல் குடலைப் பருவத்தில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. கதிர் வெளியே வர வேண்டிய நேரம் அது. இன்னும் ஓர் இரவு தாண்டினால் பயிர் அழுகிவிடும். எங்கள் வட்டையில், அந்த வயல்வெளி முழுக்க, எல்லோருக்கும் அதே கதிதான். வயல்காரருக்குத் தலைவரான வட்டை விதானை கந்தப்போடியும் நாங்களும் காலையிலிருந்து திட்டில் குடையோடு நின்றோம்.

வெட்டு முக்கால்வாசி முடிந்த நேரம், பெக்கோவின் வாளி எதிலோ முட்டி இயந்திரமே நிமிர்ந்தது. மச்சான் குதித்து இறங்கி மணலைக் கையால் ஒதுக்கினார். சிப்பியும் மணலும் ஒட்டிக் கல்லாகிப்போன இரும்பு. தோண்டத் தோண்ட அது முடியவே இல்லை. கடைசியில் ஒரு நங்கூரம் வெளியே வந்தது. மச்சானைவிட உயரம். உச்சியில் ஒரு பிள்ளை நுழைந்து வரக்கூடிய வளையம். ஒரு கொக்கி மட்டும் எங்கள் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் பதிந்திருந்தது.

சத்தம் போட்டுக்கொண்டிருந்த கூட்டம் குடையை மடக்கிக்கொண்டு கிட்டே வந்தது.  விட்டுப்போனது போர்த்துக்கீசனோ, டச்சுக்காரனான ஒல்லாந்தனோ, அது யாருக்குத் தெரியும்? கண்டி ராசாவைப் பார்க்க ஒல்லாந்தர் முதலில் வந்து இறங்கியது மட்டக்களப்பில் என்று பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். அது எழுத்து. இது இரும்பு.

"இவ்வளவு பாரத்தையும் மரக்கப்பல்ல ஏத்திக்கொண்டு, உலகத்துக்கு அந்தப் பக்கமிருந்து காத்தை நம்பி வந்திருக்கானுகள் மச்சான்," என்றார் அழகரத்தினம். "நாம வழி வெட்டுற இடத்திலதான் அவனும் வழி தேடியிருக்கான் பாருங்க."

வேலையைப் பார்க்க வந்திருந்த நீர்ப்பாசன இஞ்சினியர் பிள்ளை தொல்பொருள்காரருக்குப் போன் எடுத்தாள். மறுநாள்தான் வர முடியும் என்றார்களாம். நங்கூரத்தைச் சங்கிலி போட்டு இழுத்துப் பார்த்தோம். சங்கிலிதான் அறுந்தது. வேறிடத்தில் புதிதாக வெட்டினால் அந்த நாளும் போய்விடும், பயிரும் போய்விடும். இங்கேயே திறந்தால் நங்கூரம் கடலோடு போகும்.

"நான் அதை அளந்து படம் எடுத்திட்டன் ஐயா," என்றாள் அவள்.  "வயல்தான் முக்கியம். திறவுங்க."

மச்சானுக்குக் கை வரவில்லை. வளையத்தைப் பிடித்தபடியே நின்றார். செய்தி எப்படியோ மண்டூருக்கு எட்டி, சீதேவி போனில் வந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே காது கிழிந்தது.

"கோட்டையைக் கட்டி நம்மட நெல்லை அள்ளிக்கொண்டு போனவன்ட இரும்புக்கு என்ட பயிரைக் குடுக்கப்போறீங்களா?"

"இல்ல சீதேவி. இந்தா, திறக்கிறன்."

அவள் சொன்னதில் பிழையில்லை. வந்தவர்கள் விருந்தாளிகளாக வரவில்லை. இருந்தும் அந்த இரும்பின் முன்னால் அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கந்தப்போடி தேங்காய் உடைத்தார். அது வழக்கம். மச்சான் இன்னொரு தேங்காய் கேட்டு வாங்கி, நங்கூரத்தின் காலடியில் உடைத்தார்.

"ஆருக்குத் தம்பி இது?"

"இதோட வந்து திரும்பிப் போகாதவங்களுக்கு."

கந்தப்போடி தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மச்சானின் வாளி பட்டு வரம்பு உடைந்தது. முதலில் வாய்க்கால் அளவு தண்ணீர். மறுகா வாவியே எழுந்து வந்தது போல ஓர் இரைச்சல். கரை பாளம் பாளமாக இடிந்து விழ, நாங்கள் பின்னால் ஓடினோம். நங்கூரம் நின்ற இடத்தில் நுரைதான் தெரிந்தது. மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெக்கோவைப் பின்னால் எடுத்தார். அவர் அழுததை நான் பார்த்தேன்.

மண்டூரில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. விடிந்தபோது பயிரின் தலைகள் வெளியே தெரிந்தன. சேறு படிந்திருந்தாலும் பச்சை உயிரோடு இருந்தது. சீதேவி வயலில் இறங்கி நின்று கும்பிட்டாள். பிறகு, "என்னகா அண்ணா, அந்த இரும்பு போயிட்டா?" என்று கேட்டாள். மச்சானோடு மூவரும் ஆற்றுவாய்க்குப் போனோம்.

திட்டில் பாதியைக் காணவில்லை. நாங்கள் முதல்நாள் நின்ற இடமெல்லாம் ஆறு. அந்த ஆற்றின் நடுவில், அத்தனை வேகத்தையும் மார்பில் வாங்கிக்கொண்டு, நங்கூரம் அப்படியே நின்றது. ஓர் அடிகூட அசையவில்லை. வளையத்துக்குள்ளால் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. கரையில் நின்ற மீன்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.

சீதேவி மெல்லிய குரலில் கேட்டாள். எனக்குத் தெரிந்து அது அவளுக்கு முதல் தடவை.

"இப்பிடிப் பிடிச்சுக்கொண்டு நிக்குதே, மறுகா எப்பிடிக் கப்பலைக் கடல் கொண்டுபோனது?"

"இது விடல்ல," என்றார் மச்சான். "கயிறுதான் அறுந்திருக்கும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவங்கட ஊட்டுப் பொம்பிளையளுக்கு அதை ஆர் போய்ச் சொல்லியிருப்பாங்க?"