நாலு மாத்திரை

எங்கள் அண்ணிக்குக் கறை என்றால் ஆகாது. ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. எண்ணெயோ மையோ ரத்தமோ, பார்த்ததும் சொல்லிவிடுவாள். ஒரு கரண்டி பொடியில் போகாவிட்டால் இன்னொரு கரண்டி போடுவாள். வீட்டிலும் அதே பாணிதான். முதல் திட்டில் அண்ணன் திருந்தாவிட்டால் இரண்டாவது ரெடியாக இருக்கும்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் தினமும் காலையில் ஓர் ஈரப் படுக்கை விரிப்பு. ஏழு வயது மகளுக்குத் தூக்கத்தில் சிறுநீர் போய்விடும். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். பெரியவர்களுக்கு மன அழுத்தத்துக்குக் கொடுப்பதாம், சிறிய அளவில் இதற்கும் கேட்குமாம். "படுக்கும்போது ஒண்ணே ஒண்ணு. கூடினா வலிப்பு வரும்" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார். அண்ணி தலையாட்டினாள்.

மாத்திரை பாதிதான் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் சுற்றுலா அறிவித்தார்கள், ஓர் இரவு வெளியே தங்க வேண்டும்.

"நான் போகலம்மா. எல்லாரும் சிரிப்பாங்க" என்று குழந்தை அழுதது. அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. ஒன்று பாதி நிறுத்துகிறது, நாலு கொடுத்தால் முழுசாக நிற்கும் என்று நினைத்தாள். சுற்றுலாவுக்கு முன்பே பரீட்சித்துப் பார்த்துவிடலாமென்று ஒரு மாலை நாலையும் கொடுத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து, தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே குழந்தைக்குக் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. மாடியில் குடியிருக்கும் நான்தான் ஓடி வந்து வண்டி பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர். "ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"ஒரு மாத்திரைதான் சார், எப்பவும் குடுக்கறது" என்று பழைய டாக்டரின் சீட்டை நீட்டினான் அண்ணன். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அப்போ வலிப்பு நோயான்னு பார்க்கணும். வருஷக்கணக்கா மருந்து சாப்பிட வேண்டியிருக்கலாம்."

அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாலு குடுத்தேன். இவருக்குத் தெரியாது."

டாக்டர் திட்டவில்லை. "அது இதயத்தையும் பாதிக்குமே! சிஸ்டர், உடனே ஈசிஜி!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். எனக்கு அண்ணியை அறைந்துவிடலாம் போலிருந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாய் திறந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு மன்னித்துவிட்டான்.

இப்போது காய்ச்சல் மருந்து ஒரு மூடி ஊற்ற வேண்டுமென்றாலும் அண்ணி மாடிப்படி ஏறி வந்துவிடுகிறாள்.

"தம்பி, நீங்க வந்து ஊத்துங்க. என் கையை என்னால நம்ப முடியல."