கண்டக்டரம்மா அனுப்பிய நான்காவது ஆள்

பணக்காரர்களுக்கும் கம்பெனித் தலைவர்களுக்கும் மெய்க்காப்பாளர் அனுப்பும் அந்த அலுவலகத்தில் ஆள் தேர்வு செய்பவரை எல்லோரும் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். எவன் டிக்கெட் எடுக்காமல் ஜன்னலை வேடிக்கை பார்க்கிறான், எவன் கை யார் பைப் பக்கம் நகர்கிறது என்று நெரிசலுக்குள் நின்றபடியே சொல்லிவிடுவார். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபோது, அதே பஸ்ஸில் தினமும் தொங்கிக்கொண்டு போய்வந்த முதலாளிதான், "உங்க கண்ணை வீட்ல பூட்டி வச்சிடாதீங்கம்மா" என்று அழைத்துவந்து ஒரு மேஜையைக் கொடுத்தார்.

அவருடைய தேர்வுமுறை ரொம்பச் சுலபம். வந்தவரை வரவேற்பறையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைப்பார். பிறகு உள்ளே கூப்பிட்டு, "வெளியில எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் போனாங்க?" என்பார். சட்டைக்கைக்குள் அடங்காத புஜத்தோடு வந்தவர்களெல்லாம் அந்த ஒரே கேள்வியில் குப்புற விழுந்திருக்கிறார்கள்.

"ஃபோன் பார்த்துட்டிருந்தேன் மேடம்."

"அப்ப அந்த ஃபோனுக்கே காவலாப் போப்பா, அது பத்திரமா இருக்கும்."

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஒரு முதலீட்டுக் கம்பெனித் தலைவர் உருவில் வந்தது சோதனை. இரண்டே மாதத்தில் மூன்று காவலர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒருவன் மூச்சுவிடும் சத்தம் பெரிதாம். ஒருவனுக்கு செண்ட் வாசனை அதிகமாம். மூன்றாமவனின் ஷூ கிறீச்சிடுகிறதாம்.

முதலாளிக்குத் தலை சுற்றியது. அவருடைய மச்சான் ஜிம் நடத்துகிறவர். ஆள் எடுக்கும் வேலையைத் தன்னிடம் கொடுக்கும்படி வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாலாவது ஆளும் திரும்பி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மேஜை மச்சானுக்குப் போயிடும். வீட்ல என் பொண்டாட்டி வேற சாப்பாடு போட மாட்டேங்குறா."

அன்று மாலை கண்டக்டரம்மா வீட்டில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் அந்தத் தலைவர் காவலர்களுக்கு நடுவே நிற்கும் படம் வந்திருந்தது. கோட்டு தைக்கும் தொழில் பார்க்கும் கணவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், ரெண்டு பீரோவுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட ஸ்டூல் மாதிரி நிக்கிறாரே" என்றார்.

கண்டக்டரம்மா துள்ளி எழுந்தார். மூச்சும் இல்லை, செண்டும் இல்லை, ஷூவும் இல்லை. மனிதர் குள்ளம். காவலர்களின் சட்டைப்பை உயரத்தில் நின்றது அவர் தலை. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

மறு வாரம் நேர்காணலுக்கு ஒரு பெண் வந்தாள். ஐந்தடியைத் தாண்டாத உயரம். நீச்சல்குளத்தில் எட்டு வருடம் உயிர்காக்கும் வேலை. இரண்டு கதவுகளும் கண்ணில் படுகிற மூலை நாற்காலியைத் தானே தேடி உட்கார்ந்தாள்.

"பதினேழு பேர் வந்தாங்க, பதினாறு பேர் போனாங்க. பாக்கி ஒருத்தர் பாத்ரூம்ல இருக்கார். போய் ரொம்ப நேரமாச்சு, யாராவது பார்த்தா நல்லது."

போய்ப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் சிக்கி, கொரியர்காரர் உள்ளே வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

முதலாளி அவளைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, இந்தப் பொண்ணுக்கே ஒரு காவல் போடணும் போலிருக்கே!"

"பேசாம அனுப்புங்க."

அவள் படத்தோடு தலைவருக்குக் கடிதம் போயிற்று. திங்கள்கிழமை அவளும் போனாள். காலை பதினொரு மணிக்குத் தலைவரிடமிருந்து ஃபோன். முதலாளி பேச்சை எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"என்னய்யா கம்பெனி நடத்துறீங்க? காலையிலேர்ந்து நான் தனியா சுத்துறேன். உங்க ஆள் இன்னும் வரலை! இந்த லட்சணத்துல ஆபீஸ்ல ஒரு புதுப் பொண்ணை வேற சேர்த்திருக்காங்க. ஃபைலைப் பிடிம்மான்னா, 'கை காலியா இருக்கணும் சார்'னு சொல்லுது. என்ன திமிரு!"

முதலாளி ஃபோனை வைத்தார். கண்டக்டரம்மாவோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"சிரிக்கிறீங்களா? மேஜை போகப்போகுதும்மா!"

"வாங்க, நேர்லயே போயிடலாம்."

பதினெட்டாவது மாடி. தலைவரின் அறையில் தரை தெரியாத கம்பளம். வாசலோரம், கதவுக்கும் அவருக்கும் நடுவே அந்தப் பெண் கையைத் தொங்கவிட்டு நின்றாள்.

"எங்கய்யா உங்க ஆள்?"

கண்டக்டரம்மா விரலை நீட்டினார். "அதோ நிக்கிறாங்களே சார்."

தலைவர் திரும்பினார். "இதுவா? காலையில வந்து குட்மார்னிங் சொல்லுச்சு. நான் ஃபோன்ல இருந்தேன், உங்க கடிதத்தையும் பிரிக்கலை, ஆபீஸ் பொண்ணுன்னு..."

பேச்சு பாதியில் நின்றது. கார்க் கதவைத் திறக்கும் முன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தது யார், படியில் பின்னாலிருந்து ஒருவன் ஓடிவந்தபோது நடுவில் புகுந்தது யார் என்று அவர் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. இன்று யாரும் தன் உயரத்தை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்படின்னா... லிஃப்ட்ல நான் தனியா இருக்கேன்னு நினைச்சு பாடினேனே..."

"லிஃப்ட்ல கதவையும் பட்டனையும்தான் சார் பார்த்தேன்" என்றாள் அந்தப் பெண். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

 தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ரெண்டு வருஷத்துக்கு எழுதுங்கய்யா. மாத்தி வேற யாரையாவது அனுப்பினீங்க, அப்புறம் தெரியும்."

முதலாளி விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது. "மேஜை உங்களோடதுதாம்மா. மச்சானை நான் பார்த்துக்கிறேன்" என்றார், கண்டக்டரம்மாவின் காதோரம்.

வெளியே வந்ததும் முதலாளிக்கு ஆசை அடங்கவில்லை. வழியனுப்ப வாசல்வரை வந்த பெண்ணிடம் கிசுகிசுத்தார். "எங்ககிட்ட மட்டும் சொல்லும்மா. நிஜமா எப்படிப் பாடுறார்?"

"யார் சார்?" என்று கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.