என் தம்பி வீட்டோடு மாப்பிள்ளை ஆன கதை

எங்கள் ஊரில் ஒரு ஆம்பளையை மட்டம்தட்ட அதிகம் மெனக்கெட வேண்டாம். ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று சொன்னால் போதும், ஆள் அதோடு டீக்கடைப் பக்கம் வரமாட்டான். அந்தக் கூடலூரில் பிறந்து வளர்ந்த என் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டபடி, “நாங்க அவ அம்மா வீட்டுலயே இருந்துக்கலாம்னு இருக்கோம்க்கா” என்றான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

தம்பி அணை கட்டும் கம்பெனி ஒன்றில் சர்வே இன்ஜினியர். வேலைக்கு லாவோஸ் போனவன் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்தைப் போனில்தான் பார்த்தோம். இப்போது ஒரு மாத லீவில் அவளை முதன்முதலாக அழைத்து வந்திருந்தான். அப்பா போனபிறகு அம்மா கூடலூர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். நாலு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் தரையிலேயே கிடந்தாள். இனி அவளைத் தனியே விட முடியாது. நான் கம்பத்தில் இருக்கிறேன், பஸ்ஸில் அரைமணி நேரம். ஆனால் நான் மகள். மகள் வீட்டில் போய்த் தங்கிச் சாப்பிட எங்கள் சொந்தத்தில் எந்தத் தாயும் சம்மதித்ததில்லை. மகன் வந்தால்தான் உண்டு. அந்த மகன்தான் இப்படிச் சொல்கிறான்.

அவன் பெண்டாட்டி மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்பதுதான் வேடிக்கை. வந்த நாளிலிருந்து அவள் செய்வதையெல்லாம் வாய் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. அம்மா கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தால், அவளைக் கடந்து போகும்போதெல்லாம் இந்தப் பெண் முதுகை நன்றாக வளைத்துக் குனிந்தபடியே போவாள். இரண்டு நாள் பார்த்த அம்மா, மூன்றாம் நாள் தைல பாட்டிலோடு அவள் பின்னால் போய், “இடுப்புப் பிடிச்சிருக்காத்தா? திரும்பு, தேச்சு விடுறேன்” என்று நின்றாள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்களைவிட உயரமாக நடந்து போவது லாவோஸில் மரியாதை இல்லையாம். தம்பி விளக்கிச் சொன்னதும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தைலத்தைத் தேய்க்காமல் மட்டும் விடவில்லை.

நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பேன். அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வரும், மிச்சத்தைத் தம்பி சொல்வான். அங்கே மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டுமாம். “ஏலே, நீ குடுத்தியா?” என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். கழுத்து நிறைய நகை போட்டு என்னை அனுப்பிவைத்த அம்மா, “நீ அங்கன பொறந்திருக்கலாம்த்தா” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். கடைசி மகளுக்குத்தான் வீடு, தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்வதும் அவளேதான். இவள் கடைசி மகள். எனக்குத் தலைகீழாக நின்று உலகத்தைப் பார்ப்பது போலிருந்தது. நன்றாகவும் இருந்தது, அன்றைக்கு அந்த இட்லியோடு தம்பி வாயைத் திறக்கும் வரைக்கும்.

“அவ அம்மாவுக்கு ஆளு ஆச்சு. இங்கன நம்ம அம்மாவுக்கு ஆரு? பால்காரரா?” என்று பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அவன் மனைவி மெதுவாக ஏதோ கேட்டாள்.

“என்னடா சொல்றா?”

“ஒண்ணுமில்லக்கா.”

“சொல்லுடா.”

“அக்கா பக்கத்துலதான இருக்காக, அவுக பாத்துக்க மாட்டாகளான்னு கேக்குறா.”

“நம்ம பக்கம் அப்படி வழக்கமில்லன்னு சொல்லு. அம்மா வரமாட்டாக.”

அவன் சொன்னான். அவள் என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள். “அம்மாகிட்ட கேட்டீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் யாராவது கேட்பார்களா? தெரிந்த விஷயம்தானே! அவள் சிரிக்கவில்லை. தம்பியின் வழியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர்கள் ஊரிலும் இப்போதெல்லாம் வழக்கம் வழக்கமாக இல்லையாம். அக்காமார் இரண்டு பேரும் தாய்லாந்தில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார்கள். கூடப் படித்தவர்கள் தலைநகரம் வியன்தியானில் வாடகை அறை எடுத்துத் தனியாக இருக்கிறார்கள். சிலர் கல்யாணமே வேண்டாம் என்கிறார்கள். யார் வீட்டில் யார் இருப்பார்கள் என்று முன்போல எண்ணிக்கொள்ள முடிவதில்லை. அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவளும் அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். ஒரு வாரம் கழித்துத்தான் “வா” என்று பதில் வந்ததாம். “அவுகளும் யோசிச்சிருக்காகக்கா” என்றான் தம்பி. பெற்ற மகள் வருகிறேன் என்றால் ஒரு தாய் ஒரு வாரம் யோசிப்பாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைத்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் கேட்ட கேள்வியை அல்ல.

அவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள், எங்களுக்குக் கயிறு கட்ட வேண்டும் என்றாள் அவள். மனிதனுக்கு முப்பத்திரண்டு உயிர்கள் உண்டாம். பயணம், நோய், பயம் என்று ஏதாவது வந்தால் அவற்றில் சில எங்காவது திரியப் போய்விடுமாம். அவற்றைக் கூப்பிட்டு மணிக்கட்டில் கட்டி நிறுத்துவதற்குத்தான் கயிறு. “முப்பத்திரண்டா? எனக்கு ஒண்ணே ஒழுங்கா நிக்க மாட்டேங்குது” என்றாள் அம்மா. கயிறு வெள்ளை நூலாக இருந்தது. வெறும் வெள்ளை நூலை நல்ல காரியத்துக்கு எப்படிக் கட்டுவது? யாரும் பார்க்காத நேரத்தில் அத்தனையையும் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டேன். பிழியப் பிழிய மஞ்சள் சொட்டும் நூலைப் பார்த்து, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லாரும் உட்கார்ந்தோம். அம்மா மட்டும் அடுப்படி வாசலிலேயே நின்றாள். புருஷன் போனதிலிருந்து நல்ல காரியத்தில் முன்னால் வரமாட்டாள், நாங்களும் கூப்பிடுவதில்லை. தம்பி பெண்டாட்டிக்கு இது எப்படித் தெரியும்? எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் உட்காரவைத்தாள். பெரியவர்களுக்குத்தான் முதல் கயிறு. அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கட்டும்போது மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. தம்பி கட்டினான், “கால் வலி போகணும்மா” என்றான். அடுத்து நான். நல்லா இருக்கணும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தோல் சுருங்கிய அந்த மணிக்கட்டைப் பிடித்ததும் வேறு ஏதோ வந்தது.

“என் வீட்டுக்கு வந்து இரும்மா. என் வீட்டுக்காரரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஊரு என்ன வேணா பேசட்டும். நீ வரமாட்டேன்னு தெரியும், இருந்தாலும் கேக்குறேன்.” சொல்லிவிட்டு அழுதேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

“வரமாட்டேன்னு நான் எப்பத்தா சொன்னேன்?” என்றாள். “விழுந்து கெடந்து, கம்பம் ஆஸ்பத்திரியில இருந்து வெளிய வந்தமே, அன்னைக்கு ஆட்டோவுல ஏறி உக்காந்ததும் நான் ஒன் மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீதான் ஆட்டோக்காரர்கிட்ட கூடலூருக்குப் போங்கன்னு சொன்ன.”