மாமா செய்த பெட்டியில் படம் மங்கியது

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சிவக்கும், அடுத்து பொய் வரும், கடைசியில் அந்தப் பொய்யின் முதுகில் ஏறி ஒரு ஜோக்கும் வரும். நாற்பத்தாறு வயதிலும் இந்த வரிசை மாறவில்லை. பத்து வயதில், கீழ் கோத்தகிரிப் பக்கத்து டீ எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தபோது, எல்லாம் ஒரே வாரத்தில் வந்தன.

அம்மாவின் தம்பி ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். அதே லைனில் நாலாவது வீடு. டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் ஒன்றும், கூடு உடைந்த சின்னக் கறுப்பு வெள்ளை டிவி ஒன்றும் மாமாவுக்கு எங்கேயோ கிடைத்தன. இரண்டையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடைத்து, எட்டு பேட்டரிக் கட்டைகளைப் போட்டு, தோளில் மாட்ட நாடாவும் தைத்துவிட்டார். ஆட்டுக்குட்டி கனம். ஆனாலும் தூக்கிக்கொண்டு போகிற கேம்! சத்தத்துக்கு ஒரு வயர், படத்துக்கு ஒரு வயர். படம்தான் கட்டையை உறிஞ்சும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு என்று சட்டம்.

அந்த நாட்களில் மாமா ஃபேக்டரியில் ஒரு வயரை மாற்றி மாட்டிவிட்டாராம். அத்தைக்குக் கலக்கம்.

"ஏனுங்க, கண்ணு தெரியலைன்னு வேலைய உட்டு எடுத்தாங்கன்னா, ஊட்டையுமல்ல காலி பண்ணச் சொல்லுவாங்க?"

லைன் வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது.

"இத்தன வருசமா உன்னையே பாத்துட்டு இருக்கறனல்ல, அதுல கொஞ்சம் மங்கியிருக்கும்" என்றார் மாமா. நானும் சிரித்துவிட்டு அதை மறந்தேன். என் கவலை வேறு.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, மாமா இல்லாத நேரத்தில் நாளெல்லாம் விளையாடியிருந்தேன். சாயங்காலம் படம் நாலு பக்கமும் சுருங்கி, அடுப்புப் புகைக்குள் பார்ப்பதுபோல மங்கிவிட்டது. சத்தம் மட்டும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார். வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவி இழுத்தார். ஈயம் வைத்த இடங்களை நகத்தால் சுரண்டினார். படத்து வயரைப் பிடுங்கிவிட்டு தடிமனான வயர் போட்டார். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் கட்டைகளில் மாட்டிய மீட்டரை என் பக்கம் நகர்த்தினார்.

"கண்ணாடிய எங்கியோ வச்சுட்டேன். முள்ளு எங்க நிக்குதுன்னு சொல்லு மாப்ளே. பன்னெண்டு இருக்கோணும்."

மாமாவுக்குக் கண்ணாடியே கிடையாது. அதை யோசிக்கவிடாமல் என் காதுகள் எரிந்துகொண்டிருந்தன. முள் எட்டைத் தாண்டவில்லை.

"பன்னெண்டுங்க மாமா."

"நல்லாப் பாத்தியா?"

"சாமி சத்தியமாப் பன்னெண்டு."

"அப்பக் கோளாறு பெட்டில இல்ல" என்றார் மாமா. கண்களை மூடி உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டார். தப்பித்தோம் என்று நான் மூச்சுவிட்டேன். பெட்டியைக் கேட்டேன், எடுத்துட்டுப் போ என்று கையை அசைத்தார்.

கீழே கோயம்புத்தூர்ப் பக்கம் தீர்ந்த கட்டைகளை வெயிலில் வைத்து உயிர் கொடுப்பார்கள். எங்கள் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்புத் திட்டில் அடுக்குவோம். எட்டையும் ஒரு நாள் முழுக்கச் சூடேற்றி, மறுநாள் சாயங்காலம் போட்டேன். படம் திரை நிறைய வந்தது. சுவிட்சை அணைத்து, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன்.

ஓடிய குலுக்கலில் படத்து வயர் கழன்றிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மாமா முன்னால் வைத்து சுவிட்சைத் தட்டினேன். கேம் பாட்டு குதூகலமாகக் கிளம்பியது. திரை மட்டும் தார் பூசியதுபோல் கறுப்பு. மாமா அந்தக் கறுப்பையே பார்த்தார்.

"தெரியுதுங்களா?" என்றாள் அத்தை, அடுப்படியிலிருந்து. அங்கிருந்து அவளுக்குத் திரை தெரியாது.

"தெரியாம என்ன? புதுச் சுண்ணாம்பு அடிச்சாப்ல பளிச்சுனு இருக்குது" என்றார் மாமா.

அத்தையின் முகம் தெளிந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு சிரித்தேன். என்னை அடிக்காமல் விடத்தான் மாமா இப்படி விளையாடுகிறார் என்று நினைத்தேன். நான் சிரித்ததைக் கேட்டு, கொஞ்சம் தாமதித்து, மாமாவும் சிரித்தார்.

அப்படியொரு ஜோக்கை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? மறுநாள் இலை நிறுக்கும் இடத்தில் சொன்னேன். கறுப்புத் திரை முன்னால் மாமா எப்படி உட்கார்ந்தார், எப்படி "பளிச்சுனு" என்றார் என்று நடித்தே காட்டினேன். இலைச்சாக்கோடு நின்ற அக்காமார் எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் மாமாவும் அத்தையும் பாத்திரம் பண்டங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் போனார்கள். நாலாவது வீட்டுக்கு வேறொரு எலக்ட்ரீஷியன் குடிவந்தார்.

நான் நடித்துக் காட்டிய அன்று அந்தக் கூட்டத்தில், ஃபேக்டரியில் மாமாவுக்கு மேலதிகாரியான டீ மேக்கரும் நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு" என்றார். பாவம், பெரிய மனிதருக்கு ஜோக் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவருக்காகவே இன்னும் நிதானமாக, ஒன்றுவிடாமல், முதலிலிருந்து சொன்னேன்.